ரெயூனியனின் த்ரூ தெ ஃபேர் அருவியை வானிலிருந்து எடுக்க: ட்ரோனா, ஹெலிகாப்டரா?

கேள்வி இதுதான். புதுச்சேரியில் கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர், தைப்பூசக் காவடிக்கு, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், சேந்த்-ஆந்த்ரே ஊரில் இருக்கும் மாமா வீட்டுக்கு வருகிறார், பத்து நாள் இருப்பார். ஆழமான பாறைக் குழிக்குள் விழும் த்ரூ தெ ஃபேர் அருவியை மேலிருந்து எடுக்க ஆசை. "அண்ணா, கையில் 250 கிராமுக்கும் குறைவான குட்டி ட்ரோன் இருக்கிறது, அதைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் பறக்கவிட்டால் போதாதா, ஹெலிகாப்டருக்கு அவ்வளவு யூரோ கொடுக்க வேண்டுமா, எந்த லென்ஸ் கொண்டுவரட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

லென்ஸை அப்புறம் பார்ப்போம் தம்பி, அது சின்ன விஷயம். இந்த அருவியில் படத்தை முடிவு பண்ணுவது மேகம். எந்த மணிக்கு மேலே இருக்கிறீர்கள், முந்தின நாள்களில் மழை எவ்வளவு, குழிக்குள் வெயில் இறங்கியதா என்ற மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடும், மூன்றும் ஒரே காலையில் கூடிவருவது அபூர்வம், நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ட்ரோன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பதில் 'வேண்டாம்'தான். த்ரூ தெ ஃபேர் இருப்பது பெலூவ் காட்டுப் பக்கம், தேசியப் பூங்காவின் மையப் பகுதிக்குள். பூங்கா 2007-ல் அமைந்தது, 2010-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, தீவின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அந்த மையப் பகுதிதான். அங்கே ட்ரோனை நம் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, பூங்கா நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், விடுமுறைக்கு வந்தவர் பொழுதுபோக்குக்குக் கேட்டால் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். 250 கிராமுக்குக் குறைவு என்பதால் தப்பித்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். இங்கே இருப்பது பிரான்ஸ் சட்டம், அதாவது ஐரோப்பிய விதி. கேமரா இருக்கிற ட்ரோன் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இயக்குபவராகப் பதிவு செய்துகொண்டாக வேண்டும், தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருக்க வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். நான் உங்கள் மாமா இடத்தில் இருந்தாலும் தடுப்பேன், காரணம் வேறு. அந்தக் குழிக்குள் தினமும் காலையில் சுற்றுலா ஹெலிகாப்டர்கள் இறங்குகின்றன. மேலே வட்டமடித்துவிட்டுப் போவதில்லை, பாறைச் சுவர்களுக்கு நடுவே உள்ளேயே இறங்கித் திரும்பி ஏறுகின்றன. இங்கே மலையில் ஹெலிகாப்டர் என்பது பணக்காரர் சமாச்சாரம் மட்டுமல்ல, மாஃபாத் பள்ளத்தாக்குக்கு ரோடே கிடையாது, அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், சிமெண்ட் எல்லாம் ஹெலிகாப்டரில்தான் போகிறது, கால் உடைந்த நடைப்பயணியைத் தூக்கிவருவதும் அதுதான். அந்த வான்வெளியில் யாருக்கும் தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் பொம்மை மிதப்பது எந்தப் படத்துக்கும் தகாது.

அதோடு, ட்ரோனுக்கே அது பிடிக்காத இடம். சுற்றிலும் செங்குத்துப் பாறை நின்றால் வானம் ஒரு துண்டுதான் தெரியும், ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் போதாது. பாறை எரிமலைக் கல், இரும்பு கலந்தது, அதன்மேல் வைத்து ஏற்றினால் திசைகாட்டி குழம்பி எச்சரிக்கை காட்டும். சுவரின் மறுபக்கம் போன நொடியில் சிக்னல் போய்விடும், அப்போது ட்ரோன் தானாக வீடு திரும்பப் பார்க்கும், திரும்பும் உயரத்தைத் தப்பாக வைத்திருந்தால் நேரே பாறையில் போய் முட்டும். தாழ்வாக நிறுத்தினாலோ அடியில் இருக்கிற கேமரா ஓடும் தண்ணீரைத் தரை என்று நினைத்து நீரோடு நகர ஆரம்பிக்கும். அருவியின் காற்று வேறு கீழே அழுத்தும். பாப்பாங்க் என்கிற பருந்து ஜாதிப் பறவை இந்தத் தீவில் மட்டும்தான் இருக்கிறது, அது தன் எல்லைக்குள் பறக்கிற எதையும் விரட்ட வரலாம்.

ட்ரோனைக் கொண்டுவரவே கூடாது என்று சொல்லவில்லை. பூங்கா மையத்துக்கு வெளியே இடம் இருக்கிறது, பிரான்ஸ் அரசின் ட்ரோன் வரைபடம் இணையத்தில் இருக்கிறது, எந்த இடத்தில் எவ்வளவு உயரம் என்று நிறத்தில் காட்டும். எல்லாரும் சொல்லும் சேந்த்-சுசான் நயாகரா அருவி கரும்புக் காட்டுக்கு நடுவே, கார் நிறுத்தும் இடத்திலிருந்து எட்டிய தூரம்தான், ஆனால் ரோலான் காரோஸ் விமான நிலையம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, வரைபடத்தைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். தெற்கே லாங்ழ்வேன் ஆற்றுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போகவே வேண்டாம், பாதித் தீவும் அடுப்பும் குண்டானுமாக ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும், கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடுவது குற்றம். வார நாளில், விடிகாலையில், அனுமதி உள்ள இடத்தில் என்றால் ட்ரோனுக்கு ஒரு லாபம் உண்டு. தண்ணீரைப் பால்போல் வழியவிட மெதுவான ஷட்டர் வேண்டும், கால் நொடி, அரை நொடி, ஹெலிகாப்டரில் அது நடக்கவே நடக்காது, காற்றில்லாத நேரத்தில் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்.டி. ஃபில்டர் மாட்டினால் ட்ரோன் அதைச் செய்யும்.

சரி, ஹெலிகாப்டர். ரோலான் காரோஸிலிருந்தும், மேற்கே சேன்-ழில் மேட்டிலிருந்தும், தெற்கே பியேர்ஃபோன் விமான நிலையத்திலிருந்தும் கிளம்புகின்றன. முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீளும் முழுச் சுற்றில் மூன்று சர்க்குகளும், சில நேரம் எரிமலையும், த்ரூ தெ ஃபேரும் வரும். (சர்க்கு என்று இங்கே சொல்வது மலைச்சுவர் சூழ்ந்த பெரும் பள்ளத்தாக்குகளை: சலாஸி, மாஃபாத், சிலாவோஸ்.) பதிவு பண்ணும்போதே த்ரூ தெ ஃபேர் சேர்ந்த சுற்றா என்று கேளுங்கள், எல்லாச் சுற்றிலும் அது இருக்காது. சேர்ந்திருந்தாலும் அன்றைக்கு மேகம் மூடியிருந்தால் விமானி உள்ளே இறங்க மாட்டார், அவர் முடிவுதான், கெஞ்சிப் பயனில்லை.

மேகம் ஏன் அப்படி? வருஷத்தில் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து கடல்காற்று அடிக்கிறது, ஆலிசே என்பார்கள். அது ஈரத்தோடு வந்து 3,070 மீட்டர் பிதோன் தெ நேழ் மலையில் மோதி ஏறி, குளிர்ந்து, கொட்டுகிறது. அதனால் கிழக்கும் மேற்கும் வேறு வேறு நாடு மாதிரி, சேன்-பெனுவாவுக்கு மேலே தாகமாகா பக்கம் வருஷத்துக்கு ஏழு மீட்டர் அளவுக்கு மழை, மேற்குக் கடற்கரையில் வறட்சி. ராத்திரி மலை குளிர்ந்து காற்று கீழே இறங்கும், விடியும்போது உச்சிகள் துடைத்து வைத்தாற்போலத் தெரியும். வெயில் ஏற ஏறக் காற்று மேலே ஏறும், ஒன்பது பத்து மணிக்குள் சர்க்குகளின் விளிம்பில் பஞ்சு கட்ட ஆரம்பித்து, பதினொன்றுக்கு பெலூவ் மேடு முழுக்க மூடியிருக்கும். மாமா வீட்டு வாசலில் நின்று மலையைப் பார்த்தாலே தெரியும், ஏழு மணிக்குத் தெரிகிற உச்சி டீ குடித்துவிட்டு வருவதற்குள் இருக்காது.

ஆகவே முதல் ஃப்ளைட், சந்தேகமே இல்லை என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். த்ரூ தெ ஃபேர் 300 மீட்டர் அளவுக்கு ஆழமான குழி, ஏழு மணிச் சூரியன் சாய்வாக இருக்கும், மேட்டின் விளிம்பு தகதகவென்று இருக்க உள்ளே கரிய நிழல், அருவியின் தலை மட்டும் எரிந்து வால் காணாமல் போகும். எட்டரை, ஒன்பதுக்கு வெயில் சுவரில் பாதி இறங்கும், அதற்குள் மேகம் வந்துவிட்டால் போச்சு. மழை குறைந்த மே, ஜூன், ஜூலையில் வருபவர்களுக்கு இரண்டாவது சுற்றையே சொல்வேன். அப்போது காற்று சுத்தம், சூரியன் வடக்கே நிற்கும் (நாம் 21 டிகிரி தெற்கில் இருக்கிறோம், ஜூனில் உச்சிப்பொழுதில்கூட சூரியன் 45 டிகிரி உயரம்தான்), பள்ளத்தாக்கு வடக்கே து மா ஆற்றை நோக்கித் திறந்திருப்பதால் உள்ளே வெளிச்சம் போக வழி உண்டு. நீங்கள் வருவதோ தைப்பூசத்துக்கு, ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி, சூரியன் உச்சியில் தலைக்கு நேரே நிற்கும், ஆனால் உச்சிவேளைக்கு அங்கே மேகம்தான் இருக்கும். உங்களுக்கு முதல் ஃப்ளைட்டே சரி. நிழலை ஏற்றுக்கொள்ளுங்கள். சொல்லப்போனால், மெல்லிய உயர்மேகம் வெயிலை மறைத்த ஒரு காலை கிடைத்தால் அதுதான் யோகம், வெள்ளைத் தண்ணீரும் கறுப்புப் பாறையும் ஒரே படத்தில் அடங்கும், சுற்றுலாக்காரர்கள் வெயிலைக் காணோம் என்று புலம்பிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் சந்தோஷமாக எடுக்கலாம்.

மழைக்காலத்துக்கு ஒரு லாபம் இருக்கிறது: தண்ணீர். இந்த எரிமலைப் பாறை மழையைச் சட்டென்று உறிஞ்சும், அருவிகள் ஒரு ராத்திரியில் பெருத்து இரண்டு மூன்று நாளில் இளைத்துவிடும். சலாஸி சுவர்களில் நல்ல மழைக்குப் பிறகு எண்ண முடியாத அளவுக்கு வெள்ளிக் கம்பிகள் தொங்கும், வறண்ட மாதத்தில் பாதிக்கு மேல் காணாது. இங்கே பெய்கிற மழை நம் ஊர்க் கணக்கில் அடங்காது. 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது, சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம், இன்றுவரை உலகச் சாதனை. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கொமர்சோன் எரிமலைவாய்ப் பக்கம் மூன்று நாளில் கிட்டத்தட்ட நான்கு மீட்டர்.

அதனால்தான் ஜனவரி, பிப்ரவரி இரண்டுபக்கமும் கூர் உள்ள கத்தி. 2024 ஜனவரி 15 பெலால் புயல், 2025 பிப்ரவரி 28 காரான்ஸ், இரண்டுமே தைப்பூசத்தை ஒட்டிய காலம்தான். ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலே ஃப்ளைட் கனவை மடித்து வையுங்கள், சிவப்பு வந்தால் வீட்டைவிட்டு வெளியே போகவே கூடாது. எச்சரிக்கை எடுத்த மறுநாளே ஓடாதீர்கள், அருவி முழுக்க மண் கலந்து செம்பழுப்பாக விழும், மரமும் சேறும் வரும். இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வெளுத்திருக்கும், அளவு இன்னும் குறைந்திருக்காது, தூசியெல்லாம் கழுவிய காற்று. அப்படி ஒரு காலை உங்கள் பத்து நாளுக்குள் விழுந்தால் மற்ற வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், காவடிக்கு விரதம் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நடைமுறையில் இதன் அர்த்தம், இறங்கிய மறுநாளுக்கோ அதற்கடுத்த நாளுக்கோ பதிவு போடுங்கள், கடைசி நாளில் வைக்காதீர்கள். ரத்தானால் தள்ளிப்போட இடம் வேண்டும். சாயங்காலம் போன் பண்ணி நாளைக்கு எப்படி என்று கேளுங்கள், காலையிலும் ஒருமுறை.

இருக்கையை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, கவுண்டரில் எல்லாரையும் எடைபோட்டு எடைக்கு ஏற்றபடிதான் உட்காரவைப்பார்கள். முன்சீட் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் ஜன்னலோரம். நடு இருக்கையில் மாட்டினால் கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள், பக்கத்து ஆளின் காதைத்தான் எடுப்பீர்கள். சுற்றுலா ஹெலிகாப்டரில் கதவு மூடியே இருக்கும், உங்களுக்கும் அருவிக்கும் நடுவே வளைந்த அக்ரிலிக் கண்ணாடி. பெரும்பாலான படம் கெடுவது அதனால்தான். கறுப்புச் சட்டை போடுங்கள், முழுக்கை, வெள்ளைச் சட்டை போட்டால் குழிக்குள் இறங்கும்போது இருண்ட பாறைமேல் உங்கள் மார்பும் பொத்தானும் விழும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வேண்டாம், அந்தக் கண்ணாடியில் வானவில் கோடுகோடாகத் தெரியும். லென்ஸைக் கண்ணாடிக்கு ஒரு விரல் அளவு தள்ளி வையுங்கள், முட்டவும் கூடாது, கையை சட்டத்தில் ஊன்றவும் கூடாது, எஞ்சின் அதிர்வு நேரே படத்துக்குள் வரும். முழங்கையை விலாவில் ஒட்டிப் பிடியுங்கள், நீங்கள் மண்டபத்தில் மாலை மாற்றும்போது பிடிக்கிற அதே பிடி.

லென்ஸ் கேள்விக்கு வந்துவிட்டோம். கல்யாணத்துக்கு வைத்திருக்கிற 24-70 போதும். 70-200-ஐ மாமா வீட்டில் விட்டுவிடுங்கள், அந்தக் குழிக்குள் எல்லாமே பக்கத்தில்தான் இருக்கும். 16-ஐ மாட்டினால் மேலே சுற்றும் விசிறியின் நுனி படத்தில் வரும். ஷட்டர் 1/1600, குறைந்தது 1/1000, துளை 4-க்கும் 5.6-க்கும் நடுவே, ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு 3200-ல் வரம்பு கட்டுங்கள். வெளிச்ச அளவை அரை ஸ்டாப் குறைத்து, ரா ஃபைலில். பாறையின் நிழலை வீட்டில் உட்கார்ந்து தூக்கிவிடலாம், வெந்துபோன வெள்ளைத் தண்ணீரை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. ஃபோக்கஸ் புள்ளியை நடுவில் ஒன்றே ஒன்றாக வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடிமேல் இருக்கிற மழைத்துளியைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே எடுத்துவந்தால் இந்த ஈரக்காற்றில் லென்ஸ் வியர்க்கும், அரைமணி முன்பே பையைத் திறந்து வையுங்கள்.

உள்ளே இறங்கிய பிறகு இருக்கிற நேரம் ஒரு சுற்று, மிஞ்சிப்போனால் இன்னொரு பக்கத்தார் பார்க்க எதிர்ச் சுற்று. எல்லாரும் செய்வது என்ன, அருவி தெரிந்ததும் அதை மட்டும் பெரிதாக இழுத்து எடுப்பார்கள், வீட்டில் பார்த்தால் ஏதோ ஒரு வெள்ளைக் கோடு, குற்றாலமா இதுவா என்றே தெரியாது. இந்த இடத்தின் அதிசயம் அருவிக்கு மேலே இருக்கிறது. பெலூவ் மேடு தட்டையாக, பச்சையாக, தாமரேன் மரமும் பெரணியுமாக நீண்டு வந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தலைவாழை இலையை நடுவில் கிழித்த மாதிரி பிளந்து நிற்கிறது, பிளவின் பல இடத்திலிருந்து தண்ணீர் உள்ளே விழுகிறது. அந்தத் தட்டை, விளிம்பு, விழுகிற தண்ணீர் மூன்றும் ஒரே சட்டத்தில் வர வேண்டும். அது இறங்குவதற்கு முன், விளிம்பைத் தாண்டும் சில நொடியில்தான் கிடைக்கும், அப்போது விரலை எடுக்காதீர்கள். நேர் மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் உயரமே தெரியாது, சாய்கோணம் வேண்டும். கேமராவை நிமிர்த்திப் பிடியுங்கள், படுக்கையாக வேண்டாம்.

அளவு தெரியவும் ஏதாவது வேண்டும். முன்னால் போகிற இன்னொரு ஹெலிகாப்டர் குழிக்குள் இருந்தால் பிரமாதம். இல்லாவிட்டால் பாய்-அன்-க பறவை, நீண்ட வால் உள்ள வெள்ளைப் பறவை, இந்தப் பள்ளங்களில் சாதாரணமாகச் சுற்றும், கறுத்த சுவரின் முன் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பதிந்திருக்கும். எடிட் பண்ணும்போது சென்சார் தூசி என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அழியுங்கள். அக்ரிலிக் கண்ணாடியின் பச்சை-நீலச் சாயல் எல்லாப் படத்திலும் இருக்கும், வெள்ளைச் சமநிலையை நுரையில் வைத்துச் சரிசெய்தால் போய்விடும். மென்பொருளில் மூடுபனி நீக்கும் ஸ்லைடரை எல்லை வரை இழுக்காதீர்கள், அங்கே நீர்த்திவலைப் பனி நிஜமாகவே இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் அஞ்சலட்டை மாதிரி ஆகிவிடும்.

வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சுழலும்போது கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்திருப்பவருக்குத்தான் முதலில் குமட்டும். முந்தின ராத்திரி மாமா வீட்டு விருந்தைக் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள், நேர்கோட்டில் போகும்போது கேமராவை இறக்கித் தொலைவைப் பாருங்கள்.

கண்ணாடியே வேண்டாம் என்றால் ஆட்டோஜைரோ இருக்கிறது, குட்டி ஹெலிகாப்டர் மாதிரி தலைக்கு மேல் விசிறி சுழலும் ஊர்தி, விமானியோடு ஒரே ஒரு பயணி, திறந்த இருக்கை, படத்துக்கு நிஜமாகவே நல்லது, செலவும் ஹெலிகாப்டரைவிடக் குறைவு. ஆனால் அது குழிக்குள் இறங்காது, மேலிருந்து சாய்ந்து காட்டும். இன்னொன்று, தள்ளும் விசிறி உங்கள் முதுகுக்குப் பின்னால் சுற்றுகிறது, லென்ஸ் மூடியோ ஹுட்டோ கையிலிருந்து நழுவினால் நேரே அதில்தான் போய் அடிக்கும். ஹுட்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள், ஃபில்டரை இறுக்குங்கள், கேமராவுக்கு இரண்டு கட்டு, சட்டைப்பையில் ஒன்றும் இருக்கக் கூடாது. விமானி சோதிப்பார், கோபப்படாதீர்கள்.

எல்லா நாளும் மேகம் மூடி ஒன்றுமே பறக்கவில்லை என்றால் சலாஸிக்குக் காரில் போங்கள். எல்-பூர் கிராமத்துக்குப் போகிற வழியில் வொவால் தெ லா மாரியே அருவி ரோட்டிலிருந்தே தெரியும், மழைக்கு நடுவே மேகம் விலகும் சில நிமிஷத்தில் 70-200 அங்கே உதவும் (ஆமாம், அதற்கு மட்டும் கொண்டுவரலாம்). த்ரூ தெ ஃபேருக்கு நடந்தும் போகலாம், ப்ளேன் தே பால்மிஸ்திலிருந்து பேபூர் காட்டுச் சாலை வழியாக பெலூவ் போய், அங்கிருந்து காட்டுப் பாதையில் காட்சிமுனை வரை. கயிற்றில் இந்தப் பள்ளத்தை முதல்முதலாக ஆள்கள் இறங்கிக் கடந்ததே 1989-ல்தான், ஆகவே முனையிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதை வருஷம் முழுக்கச் சேறு, கணுக்கால் வரை, வெள்ளை ஷூ வேண்டாம். எட்டரை மணிக்குள் முனையில் நிற்க வேண்டும், அப்படியென்றால் சேந்த்-ஆந்த்ரேவிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், போகும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறை அறிவிப்பைப் பாருங்கள், மழைக்காலத்தில் அடிக்கடி மூடுவார்கள்.